மேட்டுப்பாளையம் ரோட்டில் நவீனம்

கோயம்புத்தூர் ஜங்ஷனில் மேட்டுப்பாளையம் வண்டி ஏறினால் துடியலூரைத் தாண்டி வருவது பெரியநாயக்கன்பாளையம். ஊட்டிக்குப் போகிற கூட்டம் அந்த ஸ்டேஷனைத் தலை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை. இறங்குகிறவர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர்கள். நவீன ஓவியத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வந்திருப்பதாகப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். "இங்க மில்லு மிஷின்தானுங்க பண்றாங்க" என்றார் சந்தேகத்தோடு. அவர் சொன்ன மிஷினைப் பார்க்கத்தான் நானும் வந்திருந்தேன்.

தமிழில் நவீன ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் சென்னைப் பெரியமேட்டுக் கவின்கலைக் கல்லூரியில் தொடங்கி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் முடிப்பது வழக்கம். முதலாவதற்குப் புது முகம் கொடுத்து, இரண்டாவதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911இல், கோயம்புத்தூரில். இளமையில் ஒரு பகுதி மலபாரில் கழிந்தது. தந்தை இறந்ததால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். 1936இல், இருபத்தைந்து வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அதே பள்ளிக்கு முதல்வரானார். கோவைக்காரர்கள் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பணிக்கர் இந்த ஊரில் பிறந்தவர் என்று சொன்னால் "அப்படிங்களா?" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அவர் பிறந்தபோது கோவை ஆலை நகரமாகத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் நூற்பாலை 1888இல் வந்தது. லட்சுமி மில்ஸ் 1910இல். 1930களில் பைகாரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியபின் ஆலைகள் பெருகின. கிணற்றில் கவலை இறைத்த தோட்டங்களில் மோட்டார் ஓடியது. தோட்டத்து வேலைக்குச் சூரியனைப் பார்த்துப் போனவர்கள் ஆலைச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து போனார்கள். ஐரோப்பாவில் நவீனக் கலையைப் பிறப்பித்தவை எவை என்று புத்தகங்கள் பட்டியலிடுமோ (மின்சாரம், தொழிற்சாலை, கூலிக்கூட்டம், நகரம், சினிமா) அத்தனையும் கோவைக்கு ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. ஓவியன் மட்டும் வண்டியேறிப் போய்விட்டான்.

ரயிலில் வரும்போதே கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய நூற்பாலைகளின் கூரை ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி, அதுவும் வடக்கைப் பார்த்து. நேர் வெயில் உள்ளே விழக்கூடாது. ஆனால் அறுந்த நூல் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீரான வெளிச்சம் நாள் முழுக்க வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ஓவியக்கூடத்துக்கு வடக்கு ஜன்னல் தேடியதும் இதே காரணத்துக்காகத்தான். நிழல் நகராமல், நிறம் மாறாமல் இருக்க வேண்டும். ஓவியனும் சைடரும் ஒரே வெளிச்சத்தில் வேலை செய்தவர்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ரிங் பிரேமின் இரு பக்கமும் நடந்துகொண்டே அறுந்த நூலைப் பிணைக்கிற தொழிலாளிக்கு ஆலையில் சைடர் என்று பெயர். நிறைந்த நூற்குழல்களை எடுத்துவிட்டு வெறும் குழல்களை மாட்டுகிறவர் டாஃபர். புதிய ஆலைகளில் அந்தக் கண்ணாடி கிடையாது. மூடிய கட்டடம், குழல் விளக்கு, ஈரப்பதம் காக்கும் இயந்திரம்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்றால் மேற்கே குருடி மலை. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அந்த மலைதான் திசைகாட்டி. அதன் அடிவாரம் வரை வீட்டுமனைக் கற்கள் நட்டாயிற்று. ரோட்டில் லாரியும் கல்லூரி பஸ்ஸும் ஊட்டிக் கார்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகின்றன. செல்போன் கடைப் பலகைகளில் தமிழோடு இந்தி, சிலவற்றில் ஒடியா. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தில் பாதி வடக்கிலிருந்து வந்தவர்கள். ஒரு காலத்தில் சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்கள் சைக்கிளில் வந்த வேலைக்கு இப்போது ஆள் வருகிற தூரம் இரண்டு நாள் ரயில்.

இந்த ஊரில் இரண்டு பெரிய வளாகங்கள். ஒன்று ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் சிறு அளவில் தொடங்கிய பள்ளி. 1934இல் காந்தி அடிக்கல் நாட்ட, பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. கையால் செய்கிற வேலையும் படிப்பும் பிரியக்கூடாது என்ற காந்தியின் ஆதாரக் கல்வியை மனதார ஏற்றுக்கொண்ட இடம். விவசாயம், நூற்பு, தொழிற்பயிற்சி எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே வந்தன. இன்னொன்று லட்சுமி மெஷின் வொர்க்ஸ், எல்.எம்.டபிள்யூ. 1962இல் லட்சுமி மில்ஸ் குடும்பத்திலிருந்து, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பிறந்தது. நூற்பாலைக்கு வேண்டிய இயந்திரங்களை இங்கிருந்தே நாடு முழுதும் அனுப்பியது.

இரண்டும் நூல் நூற்பதைப் பற்றியவை என்பதைத்தான் நான் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராட்டையில் ஒரு கதிர். இன்றைய ரிங் பிரேமில் ஆயிரத்துக்கு மேல். காந்தி அடிக்கல் நாட்டிய ஊரிலேயே முப்பது வருடம் கழிவதற்குள் ஆயிரம் கதிர் இயந்திரத்துக்கும் அடிக்கல் விழுந்துவிட்டது. இதை முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையா, இயந்திரமா என்ற சண்டைதான் இருபதாம் நூற்றாண்டுக் கலையின் மையச் சண்டை. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி முதலில் கைவினைக்குத் திரும்புவோம் என்றது; சில வருடங்களில் கலையும் தொழில்நுட்பமும் ஒன்றாக வேண்டும் என்று கட்சி மாறியது. அந்தப் பள்ளியின் உயிரான பகுதிகளில் ஒன்று நெசவுப் பட்டறை. அங்கே தறியில் உட்கார்ந்த பெண்கள் பாவு ஊடையை வைத்தே அரூப ஓவியம் செய்தார்கள். பௌஹௌஸ் ஓவியர்களின் படைப்புகள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வந்தன. கோவைக்கு வந்திருந்தால் தறியும் கதிரும் தெரிந்த கூட்டமாவது பார்த்திருக்கும்.

வித்யாலயாவில் ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரி நாளில் நண்பர்களோடு 'பித்தன்' என்ற பத்திரிகை நடத்தியவர். சுதேசமித்திரன் இதழ்களைத் துருவி பாரதியின் எழுத்துகளைத் தொகுத்தவர். அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானதும் தமிழில் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று முனைந்து, அதற்கு முதன்மை ஆசிரியராகத் தூரனை அழைத்துக்கொண்டார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அணுவிலிருந்து வானம் வரை தமிழில் எழுதலாம் என்று காட்டிய வேலை அது. நவீனம் என்றால் உடைந்த முகமும் நீல மாடும்தான் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு மொழி தன்னைப் புதிய காலத்துக்குத் தயார் செய்துகொண்ட விதத்தில், சென்னைக் கலைஞர்கள் செய்ததற்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் தெருவுக்கு நாலு லேத் பட்டறை. ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிற இடங்கள். தகரக் கூரை, கூலன்ட் எண்ணெய் வாடை, சுருள் சுருளாக இரும்புச் சீவல். ஒரு பட்டறை முதலாளி, ஆலை இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னை உட்காரச் சொன்னார். பெஞ்சில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள் விரித்திருந்தது; அன்றைய வேலைக்கான டிராயிங். ஒரு சிறு உருளைப் பாகம். முன்னாலிருந்து ஒரு தோற்றம், மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, நடுவில் அறுத்துக் காட்டியது ஒன்று. கோடுகளுக்கு நடுவே அம்புக்குறிகள், எண்கள், வட்டத்துக்குள் எழுத்துகள்.

"இதப் பார்த்தா பொருளு உங்களுக்குக் கண்ணு முன்னால வந்துருமுங்களா?" என்றேன்.

"வரோணுமுங்க. வரலீன்னா வேலைக்கு ஆகாது. புதுப் பையனுக்கு ஆறு மாசம் ஆகும். ஒரு நா திடீர்னு புரிஞ்சுருமுங்க, எல்லாப் பக்கமும் ஒண்ணாத் தெரிய ஆரம்பிச்சுரும்."

ஒரு பொருளை ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமிருந்தும் காட்டலாம் என்று பிக்காஸோவும் பிராக்கும் பாரிஸில் கித்தாரையும் சீசாவையும் கலைத்துப் போட்டார்கள். கியூபிசம் புரியவில்லை என்று நம் ஊரில் இன்றும் அலுத்துக்கொள்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்துச் சந்துகளிலோ பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்த பையன்கள் அதைவிடக் கடினமான படங்களைத் தினம் படித்து, மைக்ரோமீட்டர் வைத்துச் சரிபார்த்து, மைக்ரான் கணக்கில் இரும்பாக்கித் தருகிறார்கள். கண் இல்லை என்று இந்த ஊரைச் சொல்ல முடியாது. அந்தக் கண்ணை ஒரு ஓவியத்தின் முன்னால் யாரும் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை நினைத்துக்கொண்டேன். திரை முழுக்க எழுத்துப் போன்ற கீறல்கள், எண்கள், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், நடுவே சிறு உருவங்கள். எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க வராது. மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் நன்றாக வரைந்துகொண்டிருந்தவர் ஏன் இதற்கு வந்தார் என்பதற்கு விமர்சகர்கள் பல விடை சொல்வார்கள்: 1954 ஐரோப்பியப் பயணம், மேற்கை நகல் எடுக்காத ஒரு வழியைத் தேடியது, தாந்திரீகச் சித்திரங்கள். எனக்கு லேத் பட்டறைத் தாளும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. அந்த நூற்றாண்டில் நம் வாழ்க்கை எண்ணுக்கும் கட்டத்துக்கும் படிவத்துக்கும் உள்ளே போய்விட்டது. பாதி ஜாதகம், பாதி சம்பளச் சீட்டு. பணிக்கர் அந்தக் குறிகளை எடுத்து, அவற்றின் பயனைக் கழற்றிவிட்டு, வெறும் அழகாக நிறுத்திவிட்டார். இது என் வாசிப்பு, அவர் சொன்னதல்ல.

பணிக்கரின் ஆசிரியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வேறு விதம். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவருடையது, 1959. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள்; நரம்பும் தசையும் முறுக்கேறி நிற்கின்றன. பெரிய சிலை, சந்தேகமில்லை. ஆனால் அது வைக்கப்பட்ட காலத்துக் கோவைத் தொழிலாளி பாறையை நெம்பவில்லை. இரைச்சலில் காது மரத்து, பஞ்சுத் தூசி மூக்கில் ஏற, விரல் நுனியால் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தார். அந்த விரலுக்கு நம்மிடம் சிலை இல்லை. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்க மேடைகளும் அஞ்சலிக் கூட்டங்களும் அவர்களை மறக்கவில்லை. ஓவியத்தில் அவர்களைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

அப்படியானால் கோவை தன் மாற்றத்தை எந்தக் கலையில் பதிந்தது? கூட்டத்துக்கு ஒன்றாகக் காட்டக்கூடிய கலைகளில். ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்த ரோட்டுக்கு இன்றும் அதே பெயர். 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' அங்கேதான் உருவானது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ 'மலைக்கள்ளன்' தந்தது. நூலில் வந்த பணம் பிலிமில் இறங்கிய காலம்.

பிறகு கவிதை. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி', விலையில்லாக் கவிமடலாக. புவியரசு, ஞானி, சிற்பி, அக்கினிபுத்திரன், மேத்தா என்று ஒரு பெரும் கூட்டம். அதற்கு முன் 'எழுத்து' பத்திரிகை வழி வந்த புதுக்கவிதை தனிமனிதனின் உள்ளறைக்குள் பேசியது. இவர்கள் அதைத் தெருவுக்கு இழுத்து மேடையேற்றினார்கள். சத்தம் கூடிப்போயிற்று என்ற குறை அப்போதே எழுந்தது; நியாயமான குறைதான். ஆனால் ஆலைச் சங்கு ஊதும் ஊரில் கவிதை கிசுகிசுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம். அந்தக் குழுவிலேயே நின்று அதைக் கறாராக மதிப்பிட்டவர் ஞானி. சோமனூரில் பிறந்து, பள்ளித் தமிழாசிரியராக இருந்து, கண்பார்வை போனபின்பும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்து, 2020இல் மறையும் வரை ஓயாதவர்.

ஓவியத்துக்கு வருவோம். ரோட்டோரத்தில் ஒரு ஷட்டரில் எழுதிக்கொண்டிருந்த பெயின்டரைப் பார்த்து நின்றேன். அறுபது வயதிருக்கும். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரு முனையிலும் ஆணி அடித்து, நடுவில் இழுத்து விட்டால் ஷட்டரில் நேர்கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கு மேல் எழுத்தின் உடம்பை முதலில் வெள்ளையில் போட்டு, காய்ந்தபின் சிவப்பு, கடைசியில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு ஷேடு. 'ழ'வின் வாலை இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு காலத்தில் தியேட்டர் பேனர் வரைந்தவராம். "கட்டம் போட்டு எம்.ஜி.ஆர். மொகம் மட்டும் பத்தடி வரைவனுங்க. பிளெக்ஸ் வந்துச்சு, அதோட சரி. இப்ப ஸ்டிக்கர் ஒட்ட முடியாத எடத்துக்குத்தான் நம்மளக் கூப்படறாங்க." இதே பேனர் உலகத்திலிருந்து வந்து, ஓவியராகவும் 'திரைச்சீலை' எழுதிய திரைக்கலை விமர்சகராகவும் கோவையில் நிற்கிறவர் ஜீவா. எல்லோருக்கும் அப்படி வழி திறக்கவில்லை.

மறுநாள் அவினாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன். பஞ்சையும் நூலையும் ஆராய்ந்த மனிதர் பெயரில் ஜவுளி அருங்காட்சியகமும் ஓவியக் காட்சிக்கூடமும் ஒன்றாக இருக்கின்றன. இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்ட கட்டடம் அதுதான். ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் ஓவியம். இடையில் சில அடிகள்.

ஆனால் கோவைச் செல்வம் மொத்தத்தில் நவீன ஓவியத்துக்குத் தோள் கொடுத்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். சென்னைச் செல்வமும் கொடுக்கவில்லை. 1966இல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியது படம் விற்ற பணத்தில் இல்லை. பாத்திக் துணி, தோல் பொருள், உலோக வேலை என்று கைவினைப் பொருள் செய்து விற்று வந்த பணம். பகலில் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள், மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். எந்த விமர்சகரும் இதைக் காந்தியத்தோடு சேர்த்துப் பேசுவதை நான் கண்டதில்லை. ஆனால் கையால் உழைத்து அந்த வருமானத்தில் சுதந்திரமாகச் சிந்திப்பது என்பது வித்யாலயாவின் ஆதாரக் கல்வி சொன்ன அதே பாடம்.

சென்னை ஓவியப் பள்ளியே ஒரு தொழிற்கலைப் பள்ளியாகப் பிறந்ததுதான். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850இல் அதைத் தொடங்கியபோது மண்பாண்டமும் செதுக்கு வேலையும் அச்சும் கற்பிக்கத்தான் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசின் கவின்கலைக் கல்லூரிகள் இன்று சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. கொங்கு நாட்டில் வரையத் தெரிந்த பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டும், பணிக்கர் போனது போல. வீட்டில் விடவில்லையென்றால் இன்ஜினியரிங்கில் சேர வேண்டும். தொழிலிலிருந்து பிறந்த கலைப் பள்ளிக்குத் தொழில் நகரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வார்ப்படம் செய்ய ஃபவுண்டரி இங்கே இருக்கிறது, இரும்பை அறுக்க ஆள் இருக்கிறார்கள், நூலுக்கும் சாயத்துக்கும் குறைவில்லை, மூடிக் கிடக்கும் பழைய ஆலைகளில் வடக்கு வெளிச்சக் கூடங்கள் இருக்கின்றன. மூன்றாவது அரசு கவின்கலைக் கல்லூரியைக் கோவைக்குக் கொடுங்கள் என்று அரசையும், பூட்டிய ஆலைகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள் என்று ஆலை உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.